நீடாமங்கலம் என்றால் அம்மாபேட்டை

பொன்னி பாயும் நாட்டில் வயல்தோறும் நீராய் நிறைந்தவனே, அந்நீரில் கவிழ்ந்து தெரியும் வானும் ஆனவனே, சொல்லுக்கு முன்னும் சொல் அடங்கிய பின்னும் இருப்பவனே, இன்று என் எழுத்தில் பொய் ஏறாதபடி காவல் நின்றருள்வாய்.

இன்று தைப்பூச நன்னாள். நீராடி, நீறணிந்து, வழக்கமான பதிகத்தை ஓதி முடித்தபின் எழுத அமர்ந்திருக்கிறேன். இவ்விதழில் இதுவரை நான் எழுதியவை யாவும் தலப் பயணங்கள். இது அவ்வகையன்று. தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் வழியாக என் தங்கை வாழ்ந்த சிற்றூர் வரை, முப்பத்தொன்பது கிலோமீட்டர். அதைக் கடக்க எனக்கு இரண்டு மணி இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டு மணி இருபது நிமிடத்தை ஒருவரும் நம்பவில்லை. இரண்டு மாதம் கழிந்தும் என் கோபம் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை, காலை 5.40. பூசை மணியை எடுக்கப் போன கை தொலைபேசியை எடுத்தது. தங்கையின் இளைய மகன் செந்தில்.

"மாமா, அம்மா போயிட்டாங்க. அஞ்சு மணிக்கு."

சௌந்தரம் எனக்கு ஒரே தங்கை. கணவரை இழந்து ஆறு ஆண்டுகளாக அந்த ஊரில் செந்திலோடு இருந்தாள். மூத்தவன் ராசு சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். 'சிவ சிவ' என்று ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் செந்தில் தொடர்ந்தான்.

"பத்தரைக்கு ராகு காலம் மாமா. அதுக்குள்ள எடுத்துடணும்னு பெரியப்பா சொல்றாங்க. அண்ணனுக்கு நாளைக்குத்தான் பிளேன், அதுவரைக்கும் வச்சிருக்க வேணாம்னு அதுவே சொல்லிட்டுது. நீங்க கிளம்பிட்டீங்களா?"

அவள் இறந்ததை நான் அறிந்து ஒரு நிமிடம் ஆகவில்லை. அதற்குள் கிளம்பிவிட்டேனா என்று கேள்வி! எங்கள் தந்தையார் காலத்தில் இழவு சொல்ல ஓர் ஆள் வருவான். சொல்லிவிட்டு ஒரு சொம்பு நீர் குடித்துப் போவான். அவன் வந்து சேர எவ்வளவு, அவன் சொல்லி நாம் போய்ச்சேர எவ்வளவு என்று இறந்த வீட்டார் வெயிலைப் பார்த்துக் கணக்கிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பே இறந்தவருக்குச் செய்யும் முதல் மரியாதை. இப்போது செய்தி மின்னலாய் வருகிறது. ஆகவே ஆளும் மின்னலாய் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். என் முழங்காலைப் பற்றி அந்தக் கம்பிக்கு என்ன தெரியும்?

"இன்னும் இல்லப்பா. கோடி வாங்கணும். கடை திறக்கணும். ஏழே முக்கால் பஸ்ஸைப் புடிச்சிடுவேன்" என்றேன்.

கோடி என்பது பிறந்த வீட்டுப் புடவை. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், அவள் பிறந்த வீட்டார் புதுப் புடவை கொண்டுவந்து தம் கையால் அவள்மேல் போர்த்த வேண்டும். எத்தனை உறவு கூடி நின்றாலும் அது வரும்வரை பாடையைத் தூக்க மாட்டார்கள். எங்கள் பிறந்த வீட்டில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவனே.

காலை 6.45. தெற்கு வீதியில் எனக்குப் பழக்கமான ஜவுளிக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். கோடிக்கு என்றதும் மறுபேச்சின்றிச் சாவியை எடுத்தார். எந்த நேரமானாலும் கோடிக்குக் கடை திறப்பதும், விலை பேசாமல் கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் பக்கத்து மரபு. அரக்கு நிறத்தில் ஒரு பட்டு எடுத்தேன். அவள் மணநாளில் உடுத்தியதும் அரக்குதான்.

காலை 7.50. புதிய பேருந்து நிலையம். மன்னார்குடி வண்டி. நீடாமங்கலத்துக்குக் கட்டணம் பன்னிரண்டு ரூபாய், முப்பது கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தது. அமைதிதான் கிடைக்கவில்லை. வண்டியிலிருந்தோரில் பாதிப் பேர், அங்கே இல்லாத மனிதர்களோடு செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நிலையத்தைச் சுற்றி மஞ்சள் பலகை வைத்த தொலைபேசிக் கூண்டுகள் இருந்தன. பேச வேண்டியவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். எங்கிருந்து பேசுகிறார் என்பது மறுமுனைக்குத் தெரியும். கம்பிக்கு ஒரு முனை உண்டு, அந்த முனையில் ஒரு கடையோ வீடோ உண்டு. இப்போது கம்பி அறுந்துவிட்டது. அறுந்ததோடு, பேசுகிறவன் எந்த மண்ணில் நிற்கிறான் என்ற சாட்சியமும் அறுந்துவிட்டது. ஆகையால் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி நலமா என்பதன்று. "எங்க இருக்கீங்க?" என்பதே.

என் பக்கத்தில் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக அமர்ந்திருந்தார். வண்டி சாலியமங்கலத்தைக்கூடத் தொடவில்லை; அதையும் அம்மாபேட்டையையும் தாண்டித்தான் நீடாமங்கலம். அவர் செல்பேசியில் உரக்கச் சொன்னார்: "நீடாமங்கலம் வந்துட்டேன்மா. ரயில் கேட்டுகிட்ட பஸ் நிக்கிது. கறிய அடுப்புல ஏத்து!"

என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, பெரியவங்களா இருக்கீங்க. வாய் கூசாம இப்படிச் சொல்றீங்களே?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "பொய்யின்னு நெனக்கிறீங்களா பெரியவரே? எம் பொண்டாட்டிக்குத் தெரியும், நீடாமங்கலம்னா நான் அம்மாபேட்டைகூட வரலேன்னு. அம்மாபேட்டைன்னா தஞ்சாவூர் ஸ்டாண்டுல நிக்கிறேன். கிளம்பிட்டேன்னா இன்னும் குளிக்கல. நான் கூட்டிச் சொல்லுவேன், அவ கழிச்சுக் கேப்பா. நெசத்தச் சொன்னேன்னு வச்சுக்குங்க, அதுலயும் கழிச்சுப்புடுவா. அப்பறம் வீட்டுக்குப் போனா வெறும் சோறுதான்!"

முன் இருக்கைப் பெண்கள் சிரித்தார்கள். நடத்துநர் திரும்பிப் பார்த்து, "பாய் சொல்றது நூத்துக்கு நூறு சார். எங்க டிப்போவுலயே அப்படித்தான்" என்றார்.

அந்தச் சிரிப்பில் நான் கலந்துகொள்ளவில்லை. பொய் சொல்வது பாவம் என்று கற்றோம். ஒரு நாடே கூடி, இவ்வளவு பொய்க்கு இவ்வளவு தள்ளுபடி என்று வாய்ப்பாடு போட்டு வைத்திருப்பதைப் பாவம் என்பதா, வேறு பெயரிட்டு அழைப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. மடியில் கோடி இருந்தது. சாளரத்துக்கு வெளியே சம்பா பயிர் தூர்கட்டிப் பச்சையாக நின்றது.

காலை 9.15. நீடாமங்கலம் ரயில்வே கேட். இங்கே அகப்படாத பயணம் எங்கள் மாவட்டத்தில் இல்லை. கேட்டின் நடுவிலேயே ஒரு சரக்கு ரயில் நின்றது. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டப் போகிறார்கள் என்றார்கள். கீழிறங்கி நடந்து கடக்கலாமென்றால் பெட்டிகளுக்கு இடையே குனிந்து நுழைய வேண்டும்; அதற்கு என் உடம்பு இசையாது.

பாய் என் முகத்தைப் பார்த்தார். மடியிலிருந்த பொட்டலத்தையும் பார்த்தார். "எங்க போறீங்க பெரியவரே?" என்று இப்போதுதான் கேட்டார். சொன்னேன். அவர் முகம் வாடியது. செல்பேசியை என் கையில் வைத்து, "பேசுங்க. எவ்வளவு வேணாலும் பேசுங்க" என்றார்.

செந்திலே எடுத்தான். பின்னால் சங்கொலி கேட்டது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

"செந்திலு, மாமா பேசறேன். நீடாமங்கலம் கேட்டுல பஸ் நிக்கிது. ரயிலு குறுக்க நிக்கிது. கேட்டு திறந்ததும் ஆட்டோ புடிச்சு வந்துடுவேன். ஒன்பது கிலோமீட்டர். பத்தேகாலுக்குள்ள வாசல்ல இருப்பேன். ராகு காலத்துக்கு முன்னாடி நேரம் இருக்கு. கோடி கையில இருக்கு."

"சரிங்க மாமா. பாத்து வாங்க."

அவ்வளவே. நான் நிம்மதியோடு செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் நிம்மதி அடைந்தவராகத் தெரியவில்லை.

காலை 9.42. கேட் திறந்தது. பாயே ஓடிப்போய் ஓர் ஆட்டோவை மறித்து, "மவுத்து வீடு, விரசா போ" என்று சொல்லி என்னை ஏற்றினார். எண்பது ரூபாய். ஓட்டுநர் வாய்க்கால் கரையில் பறந்தார். அந்த வாகனத்தில் நான் அஞ்சவில்லை. அதுவே அன்று என் சொல்லைக் காப்பாற்ற ஓடிய ஒரே பொருள்.

காலை 10.10. ஊர். தெருமுனையிலேயே பூ இதழ்கள் கிடந்தன. கதம்பமும் சாமந்தியும், மிதிபட்டு, ஈரமாக. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தவில்லை. "இப்பதான் தூக்கியிருப்பாங்க ஐயா, புடிச்சுடலாம்" என்று வெண்ணாற்றங்கரைச் சுடுகாட்டுக்கே விட்டார்.

நான் இறங்கும்போது தீ பற்றியிருந்தது.

செந்தில் மொட்டைத் தலையோடு நின்றான். அவன் பெரியப்பா ரத்தினம் எதிரே வந்தார். அந்த வீட்டுக் காரியங்களுக்கெல்லாம் அவரே தலைவர்.

"வாங்க. மனசுல வச்சுக்காதீங்க. நேரம் பத்தாதுன்னு..."

"பத்தே கால்னு சொன்னேன். பத்து பத்துக்கு வந்துட்டேன். ராகு காலத்துக்கு இன்னும் கால் மணி நேரம் கெடக்கு."

"நீங்க நீடாமங்கலம்னீங்க. நீடாமங்கலம்னா அம்மாபேட்டையாவது தாண்டியிருப்பீங்களான்னு..." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "காலைலேர்ந்து வர்றவன் எல்லாம் அதைத்தானே சொல்றான். திருவாரூர்க்காரன் ஏழு மணிக்கே தெருமுனைக்கு வந்துட்டேன்னான். இன்னும் வரல."

"நான் எல்லாரும் இல்ல!" என்று கத்தினேன். சுடுகாட்டில் குரல் உயர்த்தியது பிழை. இறைவன் பொறுப்பான். "எழுவத்தோரு வயசுல நான் உங்ககிட்ட என்னிக்கு ஒரு பொய் சொல்லியிருக்கேன்? சொல்லுங்க!"

"சொன்னதில்லைங்க."

"அப்ப ஏன் கழிச்சீங்க?"

பிறந்த வீட்டுக் கோடி வராமல் தூக்கக் கூடாதே, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கூத்தாநல்லூரில் ஒரு புடவை வாங்கிவரச் செய்து, எங்கள் ஊர்ப் பக்கத்தார் என்று ஒருவரைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, பிறந்த வீடு என்று நிறுத்திப் போர்த்திவிட்டார்களாம். அந்த மனிதருக்கு என் தங்கையின் பெயரே தெரியாது. என்னிடமே வந்து கைகூப்பினார். அவரை நான் நோகவில்லை. ஆனால் தன்னைப் பெற்ற வீட்டின் கடைசித் துணியை முகமறியாத ஒருவர் கையால் ஏற்று என் சௌந்தரம் போனாள். உண்மை சொன்ன அண்ணன் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நின்றான். தாமதித்தது ரயில், அதை மன்னிப்பேன். கழித்தது மனம். அதை எப்படி மன்னிப்பது?

கோடியைத் திருப்பி எடுத்துச்செல்லும் வழக்கம் இல்லை. கால்மாட்டில் வைத்தேன். பட்டு சுருங்கி, பிறகு எரிந்தது. அங்கேயே நின்று பதிகம் பாடினேன். முதல் பாட்டில் குரல் உடைந்தது. பதினோராவது பாட்டில் உடையவில்லை.

பிற்பகல் 2.30. வீடு. எனக்கு மோர் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்குச் செல்பேசியைச் சௌந்தரத்தின் காதில் வைத்துப் பிடித்ததாகவும், ராசு சிங்கப்பூரிலிருந்து நாலு நிமிடம் பேசியதாகவும் ஒருத்தி சொன்னாள். உயிர் போன காதில்! ஏசுவதற்கு வாயெடுத்தேன். மோரைக் குடித்தேன். அதைப் பற்றி இன்றும் என்னிடம் தீர்ப்பு இல்லை.

பிற்பகல் 3.00. செந்திலின் செல்பேசி ஒலித்தது. திரையைப் பார்த்தவன் முகம் வெளிறினான். என் அருகே வந்து குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னான்:

"மாமா, அண்ணன். நீங்க வந்து கோடி போட்டுட்டீங்கன்னு காலைலயே சொல்லிட்டேன். அங்க ஒண்டியா கெடந்து அழுவுது மாமா. உங்ககிட்டதான் பேசணுங்குது. கொஞ்சம் அப்படியே சொல்லிடுங்க மாமா."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"மாமா." ராசுவின் குரல் தேய்ந்திருந்தது. "அம்மாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடிய நீங்கதானே போட்டீங்க?"

எதிரே செந்தில் கைகூப்பி நின்றான். அவன்மேல் இரக்கம் இல்லாமலில்லை. ஆனால் காலையிலிருந்து நான் எரிந்துகொண்டிருந்ததெல்லாம் எதற்காக?

"இல்ல ராசு. நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. வேற ஒருத்தரு போட்டாரு. என் கோடிய நான் தீயிலதான் வச்சேன். பதிகம் அங்க நின்னு படிச்சேன்."

செந்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தெரியும் மாமா" என்றான் ராசு. "'மாமா வந்துட்டார்'னு அவன் சொன்னப்பவே வரலேன்னு தெரிஞ்சுபோச்சு. நானே வேலைக்கு லேட்டானா, படுத்துகிட்டே பஸ்ல வர்றேன்னுதான் சொல்லுவேன்." மூச்சை இழுத்தான். "மாமா, ஒண்ணு கேக்கணும். அம்மா கடைசில எம் பேரச் சொன்னாங்கன்னும் சொன்னான். அது நெசமா? எனக்காகச் சொல்றானா?"

செல்பேசியின் குரல் செந்திலுக்கும் கேட்டது. அவன் துள்ளி எழுந்தான். "சொன்னாங்க மாமா! சத்தியமா சொன்னாங்க! அம்மா மேல ஆணையா மாமா!"

அந்தக் கணத்தில் என் கோபம் முழுவதும் உருவம் கொண்டு என் முன் நின்றது. தாயின் கடைசிச் சொல்லை மகன் கழித்துக் கேட்கிறான்! பேருந்தில் எல்லோரும் கேட்டுச் சிரித்த அதே வாய்ப்பாடு.

"ராசு, நான் பக்கத்துல இல்ல. இருந்தவங்களைக் கேட்டுத்தான் சொல்லுவேன். வச்சுட்டு அப்பறமா கூப்பிடு."

"வைக்க மாட்டேன் மாமா. லைன்லயே இருக்கேன்."

விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து ஐந்து மணி வரை சௌந்தரத்தின் கையைப் பிடித்திருந்தவர் பக்கத்து வீட்டு எஸ்தர் அம்மாள் என்றார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ், லுத்தரன் கோயிலுக்குப் போகிறவர். செல்பேசியை உள்ளங்கையில் ஏந்தி நாற்பது அடி நடந்தேன். அவர் கண் சிவந்து நாற்காலியில் இருந்தார். விடையைக் கேள்விக்குள் வைக்காமல் கேட்டேன்.

"அம்மா, கடைசியில் சௌந்தரம் ஏதாவது சொன்னாளா?"

அவர் யோசித்தார். "பெருசா ஒண்ணும் இல்லைங்க ஐயா. நாலரை இருக்கும். 'ராசு'ன்னாங்க. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் 'ராசு'ன்னாங்க. அப்பறம் 'சோறு ஆறுது'ன்னாங்க. அதோட பேச்சு இல்ல. நான் ஜெபம் பண்ணிகிட்டிருந்தேன்."

செல்பேசியைக் காதருகே கொண்டுபோனேன்.

"ராசு, எஸ்தர் அம்மா சொல்றாங்க. உன் பேர ரெண்டு தடவ சொன்னாளாம். அப்பறம் 'சோறு ஆறுது'ன்னாளாம். வேற எதுவும் சொல்லல."

கடலுக்கு அப்பால் ஓர் ஆண் அடக்காமல் அழும் ஒலி வந்தது. அது அடங்கியபின் சொன்னான்.

"நீங்க சொன்னா சரி மாமா."

மாலை 5.10. நீடாமங்கலம் வழித் தஞ்சைப் பேருந்து. செந்தில் ஏற்றிவிட வந்து கடைசி வரை என் கையை விடவில்லை. என்னிடம் செல்பேசி இல்லை. இனியும் வாங்குவதாக இல்லை. தஞ்சை இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. மக்கள் காதில் செல்பேசியோடு நடந்தபடியே வேறெங்கோ இருந்தார்கள்.

இதைப் படிக்கும் அனைவரும் அவன் திருவருளால் நிறைந்து வாழ்க. உங்கள் வயலில் நீரும் வீட்டில் நெல்லும் வற்றாதிருக்கட்டும். நீங்கள் இருப்பதாகச் சொன்ன இடத்திலேயே நீங்கள் இருப்பீர்களாக. உங்களை நோக்கி வருபவர் வந்து சேரும்வரை உங்கள் வீட்டார் காத்திருப்பார்களாக.